கவுன்சலிங் என்றால் எந்தக் கவுன்சலிங்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி, ஆலய அரங்கு, சமுதாய நலக்கூடம் என்று நம் குமரி மாவட்டத்தில் மனநல முகாம்கள் அடிக்கடி நடக்கின்றன. மனநோய் என்ற பேச்சையே வீட்டுக்குள் பூட்டி வைத்த காலம் மாறி, நாலு பேர் கூடிய இடத்தில் அதைப் பேசுகிற நிலை வந்திருப்பது பெரிய நன்மை. ஆனால் முகாம் செய்திகளில் ‘கவுன்சலிங் வழங்கப்பட்டது’, ‘தியானப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்பதற்கு மேல் விவரம் இருப்பதில்லை. எந்தத் தொந்தரவுக்கு எந்த முறை, எத்தனை வாரம், யார் செய்ய வேண்டும் என்பது தெரியாமலே மக்கள் வந்து போகிறார்கள். ஒரு தடவை போய்விட்டு, ‘கவுன்சலிங்கும் பாத்தாச்சு, கேக்கல்ல’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குப் பொருத்தமான சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. அதனால்தான் மனநலப் பணியில் உள்ள நாங்கள் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுத்து டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா என்று பார்த்த பிறகுதான் மருந்து. மனசுக்கும் அதே ஒழுங்குதான். ‘இதையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத மக்கா, சரியாயிரும் கேட்டியா’ என்று அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லும் ஆறுதலுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். பேச்சு சிகிச்சை என்பது அதற்கு அப்பால், நோக்கமும் கால அளவும் வைத்து நடப்பது. பொதுவாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம். முதல் ஒன்றிரண்டு அமர்வுகள் முழுக்க விசாரிப்புதான். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடி உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்ந்து கிடப்பார்கள் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம்.

பிறகு அளவு. பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. அதில் பூச்சியம் தவிர எந்த எண் விழுந்தாலும் அன்றைக்கே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்தத் தாளை நிரப்பி வந்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்பது நோயாளிக்கே தெரியும். ஆறு வாரம் ஆகியும் எண் அசையவில்லை என்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது மருந்து சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்து, அளந்து பார்க்காமலே விடுவதுதான் இந்தத் துறையில் நாங்கள் அதிகம் காணும் குறை.

முறைகளில் அதிகம் ஆராயப்பட்டது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்தது. மனச்சோர்வு, பதற்றம், திடீர் பீதி, தூக்கமின்மை ஆகியவற்றுக்குப் பொதுவாக 6 முதல் 20 அமர்வு வரை ஆகும். நடந்த சம்பவத்துக்கும் வந்த உணர்ச்சிக்கும் நடுவே சட்டென்று ஓடிப்போகும் ஓர் எண்ணம் இருக்கிறது. அதைப் பிடித்துத் தாளில் போட்டு, உண்மைதானா என்று பார்ப்பதுதான் இதன் மைய வேலை.

வள்ளவிளையிலோ தூத்தூரிலோ ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஆழ்கடல் படகில் போய்ப் பல நாள் ஆகிறது. நோட்டில் ஆறு கட்டம் போடச் சொல்வார்கள். முதல் கட்டத்தில் சம்பவம்: ‘வியாழன் இரவு 9 மணி. அடுத்த வீட்டுக்குப் படகிலிருந்து தகவல் வந்தது, எனக்கு வரவில்லை.’ இரண்டாவதில் உணர்ச்சி, நூற்றுக்கு எத்தனை என்று: ‘பயம், 90.’ மூன்றாவதில் எண்ணம். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்குவார்கள். ‘ஏன் இன்னும் தகவல் வரல்ல?’ என்று கேள்வியாக எழுதுவார்கள். கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அதற்கு மனசு ரகசியமாகச் சொல்லிக்கொள்ளும் பதிலைத்தான் எழுத வேண்டும்: ‘படகுக்கு ஏதோ ஆகிவிட்டது.’ நான்காவதில் அதற்குச் சாதகமான ஆதாரம்: ‘தகவல் இல்லை. ஒக்கி புயலில் போனவர்கள் திரும்பவில்லை.’ ஐந்தாவதில் எதிரான ஆதாரம்: ‘வானிலை எச்சரிக்கை இல்லை. கூடப் போன படகுகள் பத்திரமாக இருக்கின்றன. போன தடவையும் இதுபோலத் தாமதமானது.’ ஆறாவதில் இரண்டையும் சேர்த்துப் பார்த்த முடிவு: ‘தகவல் வராததால் பயமாக இருக்கிறது. முன்பும் தாமதமாகி இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் வராவிட்டால் படகு உரிமையாளரிடம் கேட்பேன்.’ கடைசியில் பயத்துக்கு மறுபடி மதிப்பெண் போட்டால் 90 என்பது 55க்கு வரலாம். அது நல்ல முன்னேற்றம். பூச்சியத்துக்குக் கொண்டுவருவது நோக்கமே இல்லை.

இதில் வரும் மிகப் பெரிய தவறு, ஆறாவது கட்டத்தில் ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்று எழுதுவது. மனசு அதை நம்பாது. நம்பாத வாக்கியத்தை நூறு தடவை எழுதினாலும் பயம் இறங்காது. இன்னொன்று: புயல் எச்சரிக்கை உண்மையாகவே வந்திருக்கும்போது இந்தத் தாளை எடுக்கக் கூடாது. அது அதிகாரிகளையும் படகுக்காரர்களையும் தேடி ஓட வேண்டிய நேரம். நியாயமான பயத்தைச் சிகிச்சை பேரைச் சொல்லி அடக்கச் சொல்பவர் இந்த முறையைப் புரிந்துகொள்ளவில்லை.

மனச்சோர்வில் நோட்டை எடுக்கவே கை வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயலூக்க சிகிச்சை. எண்ணத்தை விட்டுவிட்டு நடத்தையிலிருந்து தொடங்குவது இது. முதல் வாரம் மணிக்கு மணி என்ன செய்தார் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த மகிழ்ச்சிக்கும், செய்து முடித்தோம் என்ற நிறைவுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடுவார்கள். ‘நாள் முழுக்க ஒண்ணும் செய்யல்ல’ என்று சொன்னவருக்கே, பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட நேரத்தில் நிறைவு 4 என்று அதில் தெரியவரும். அடுத்த வாரத்திலிருந்து அப்படிப்பட்ட செயல்களை நாளும் நேரமும் குறித்து அட்டவணையில் சேர்ப்பார்கள். ‘மனசு சரியானால் செய்வேன்’ என்று காத்திருப்பதைத் திருப்பிப் போட்டு, செய்தால் மனசு பின்னால் வரும் என்று நடத்துவது. தோற்பது எங்கே என்றால் அளவில்தான். ‘தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்று எழுதுவார்கள், இரண்டாம் நாளே நின்றுவிடும். ‘செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு முக்கு கடை வரை போய் வருவேன்’ என்று எழுதினால் நடக்கும்.

இந்த முறையைக் கற்க நீண்ட படிப்பு தேவையில்லை என்பதைக் கோவாவில் நிரூபித்திருக்கிறார்கள். மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான 6 முதல் 8 அமர்வுகளை நடத்தினார்கள். முடிவுகள் 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் தேறியிருக்க, இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். படித்த பெண்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கோவாவில் நடந்தது குமரியில் நடக்காதா?

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு மேலே சொன்ன ஆறு கட்ட நோட்டு மட்டும் போதாது. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவதும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் எல்லாருக்கும் தெரிந்த வடிவங்கள். நம் மாவட்டத்தில் வெளியே வராமல் கிடப்பது இன்னொரு வடிவம்: ஜெபத்தின் நடுவிலோ சாமி கும்பிடும்போதோ கடவுளைப் பழிக்கும் வார்த்தைகள் தானாக மனசில் ஓடுவது. அதைப் பாவம் என்று நினைத்து வாரம் தவறாமல் குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள், பரிகாரம் செய்கிறார்கள், இரவெல்லாம் மன்னிப்புக் கேட்டு அழுகிறார்கள். அது அவர்கள் விருப்பத்துக்கு எதிராக வரும் நோயின் அறிகுறி. பக்தி உள்ளவர்களுக்கே அது அதிகம் வலிக்கும். இதற்கான சிகிச்சையில் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, பதிலுக்குச் செய்யும் சடங்கைத் தடுப்பார்கள். பயம் தரும் விஷயங்களை 0 முதல் 100 வரை ஏணியாக அடுக்கி, 30, 40 அளவில் உள்ளதிலிருந்து தொடங்க வேண்டும். கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பயம் தானாக இறங்குகிறது, நினைத்த விபரீதம் நடக்கவில்லை என்று உடம்பே அறியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மறுநாள் மறுபடியும்.

இந்தச் சிகிச்சையைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டாரின் அன்புதான். ‘கதவு பூட்டியாச்சா?’ என்று பிள்ளை பத்தாவது தடவை கேட்கும்போது ‘பூட்டியாச்சு மக்கா’ என்று பத்தாவது தடவையும் சொல்வார்கள். அந்தப் பதில் ஐந்து நிமிட நிம்மதி தரும், நோயை வளர்க்கும். அதனால் அம்மா அப்பாவையும் உட்கார வைத்து, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். குருமார்களும் பூசாரிகளும் போதகர்களும் இதை அறிந்தால் பல பேருக்கு வருடக்கணக்கான வேதனை குறையும். ‘ஒரு முறை சொல்லியாகிவிட்டது, இனி இதற்காக வர வேண்டாம், மனநல மருத்துவரைப் பார்’ என்று அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எங்கள் பத்து வார்த்தையைவிடப் பலம் அதிகம்.

கடற்கரைக் கிராமங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கியும் விட்டுச் சென்றது ஒரே வகைத் துயரம் அல்ல. பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததை எல்லாம் சொல்ல வைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று தெரிந்து, உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது உளவியல் முதலுதவி: பாதுகாப்பைப் பார்ப்பது, பேச விரும்புகிறவர் பேசுவதைக் கேட்பது, உணவு, உறவினர், மருத்துவர், நிவாரணம் என்று தேவைப்பட்டதோடு இணைத்துவிடுவது. பேச விரும்பாதவரைப் பேச வைக்கக் கூடாது. ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தால், கடல் சத்தம் கேட்டாலே நடுக்கம் வந்தால், அப்போது முறையான சிகிச்சை. அதிர்ச்சியை மையப்படுத்திய சிபிடி ஒன்று. கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் இஎம்டிஆர் இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றிருக்கிறது.

உடல் கிடைக்காத குடும்பங்களின் துயரம் வேறு. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று 1970களிலிருந்து எழுதி வருகிறார். இறந்தார் என்று அழுதால் துரோகம் போலத் தோன்றும், வருவார் என்று காத்திருந்தால் வாழ்க்கை நின்றுவிடும். ‘ஏற்றுக்கொள்ளுங்கள், மறந்துவிடுங்கள்’ என்று அவசரப்படுத்தும் கவுன்சலிங் இங்கே முழுத் தவறு. ‘ஒருவேளை இல்லை, ஒருவேளை இருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்தபடி பிள்ளையின் படிப்பு, கடன், திருமணம் ஆகிய முடிவுகளை எடுக்கப் பழக்குவதே வேலை. தனி அமர்வைவிடக் குடும்பமாக, அதே இழப்பு உள்ள குடும்பங்களோடு சேர்ந்து உட்காருவது இதற்கு நன்றாகப் பொருந்தும்.

குடிக்கு வருவோம். ‘பிள்ளைகளை நெனச்சுப் பாரும்’ என்று அறிவுரை சொல்லி யாரும் குடியை விட்டதில்லை என்று சொல்லிவிடலாம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் வளர்த்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில், குடியை விடுவதற்கான காரணங்களைக் குடிப்பவர் வாயிலிருந்தே வரவழைப்பார்கள். ‘குடியில் உமக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன’ என்று இரண்டையும் கேட்பார்கள். வாதாடினால் அவர் குடியின் பக்கம் நின்று வாதாடுவார் என்பதால் வாதாட மாட்டார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் ஒரு கூட்டத்தில் சபதம் எடுத்துவிட்டு அன்றைக்கே நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும், ஆள் தெரியாத குழப்பமும் வரலாம். அது உயிரைப் பறிக்கும். கை நடுக்கம் தொடங்கினாலே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தும் தயாமின் என்ற வைட்டமின் ஊசியும் போட்டு, பத்திரமாகக் குடியை நிறுத்த வைக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மரணம், தகராறு, வாழ்க்கை மாற்றம், தனிமை என்று உறவுகளில் ஏற்பட்ட மாற்றத்தோடு தொடங்கிய மனச்சோர்வுக்கு ஐபிடி என்ற உறவுசார் சிகிச்சை, 12 முதல் 16 வாரம். கணவர் வளைகுடாவுக்குப் போன பிறகோ, பல வருடம் கழித்துத் திரும்பி வந்த பிறகோ தொடங்கும் சோர்வுக்கு இது நன்கு பொருந்தும். கையைக் கீறிக்கொள்வது, திடீர்க் கோபம், நிலையற்ற உறவுகள் என்று தவிக்கும் இளைஞர்களுக்கு மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி, அதாவது உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தரும் சிகிச்சை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் தீர்ப்பு சொல்லாமல் கேட்பது எல்லா முறைக்கும் அடிப்படை. ஃபிராய்டு வழி வந்த ஆழ்மன சிகிச்சை நீண்ட காலம் பிடிக்கும், அதற்கு முறையாகப் பயின்றவர் வேண்டும்.

இனி மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி. முகாம்களில் அதிகம் கேட்கும் பெயர் இதுதான், அதிகம் தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் இதுதான். ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய எம்பிஎஸ்ஆர் எட்டு வாரப் படிப்பு. வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு முழுநாள் பயிற்சி. வீட்டில் தினமும் 45 நிமிடம். புத்தமத தியான மரபிலிருந்து எடுத்தது என்றாலும் எந்த மதச் சடங்கும் இல்லாமல் கற்பிக்கப்படுவது, ஆகவே எந்த நம்பிக்கை உள்ளவரும் செய்யலாம். இதையும் சிபிடியையும் சேர்த்து ஸின்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் உருவாக்கியது எம்பிசிடி. மனச்சோர்வு மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்து போனவர்களுக்கு, தேறியிருக்கும் காலத்தில், மறுபடி வராமல் தடுக்க உதவுவது என்று முதலில் நிரூபிக்கப்பட்டது. கட்டிலை விட்டு எழவே முடியாமல் கிடப்பவரைக் கண் மூடி உட்காரச் சொன்னால், இருட்டில் அதே எண்ணங்களோடு தனியே விடுவதாகத்தான் ஆகும். அவருக்கு முதலில் செயலூக்க சிகிச்சையும் தேவையென்றால் மாத்திரையும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: முதல் வகுப்பில் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கொடுப்பது வழக்கம். நமக்கு நம் ஊர் மட்டி வாழைப்பழம் ஒன்று போதும். தோலின் நிறம், உரிக்கும்போது வரும் மணம், நாக்கில் பட்டதும் ஊறும் நீர், கடிக்கும் முன் விழுங்கத் துடிக்கும் அவசரம் என்று ஐந்து நிமிடம் அதிலேயே கவனம் வைப்பது. மனசு வேறெங்கோ போகும், கட்டாயம் போகும். போனதைக் கவனித்து, திட்டாமல் பழத்துக்குக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. ‘எனக்கு மனசு ஒருநிலைப்படல்ல, எனக்கு இது வராது’ என்று நிறுத்துகிறவர்கள், பயிற்சி நடந்துகொண்டிருக்கும் இடத்தையே தோல்வி என்று எண்ணிவிடுகிறார்கள். நாள் நடுவே மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு. முதல் நிமிடம் இப்போது மனசிலும் உடம்பிலும் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது, இரண்டாவது நிமிடம் மூச்சை மட்டும் பார்ப்பது, மூன்றாவது நிமிடம் கவனத்தை உடம்பு முழுவதற்கும் விரிப்பது. மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். அது பிராணாயாமம், வேறு பயிற்சி. வேகவேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றி, விரல் மரத்து, பீதி உள்ளவருக்குப் பீதியே வந்துவிடும்.

கடலில் மூழ்கித் தப்பியவருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சுத் திணறலை நினைவூட்டலாம். அவர் கண்ணைத் திறந்தபடி, தரையில் பதிந்த பாதத்தையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கட்டும். மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவை கூடியிருக்கும்போது பல நாள் மௌன தியான முகாம்களுக்குப் போவது ஆபத்து. தியானத்தால் தூக்கம் கெடுவதும், பயம் கூடுவதும், தன்னையே அந்நியமாக உணர்வதும் சிலருக்கு நேர்கிறது என்பதை பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் குழு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அப்படி ஆனால் ‘இன்னும் ஆழமாகச் செய்’ என்று சொல்பவரை விட்டு விலகி மருத்துவரிடம் வர வேண்டும். தியானம் தொடங்கியாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. மனச்சோர்வு மாத்திரை வேலை தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னெஸ் கற்பித்ததால், வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிட மனநலத்தில் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவும் இல்லை. ஆகவே ஓர் அரங்கில் ஐந்நூறு பிள்ளைகளை ஒரு மணி நேரம் கண் மூட வைப்பதைவிட, அதே செலவில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். எந்தப் பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தது, எந்தப் பிள்ளை கோடையிலும் முழுக்கை போட்டு வருகிறது என்று பார்க்கவும், தனியே அழைத்து ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டுக்குத் தகவல் சொல்லி, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். எந்த நேரமும் அழைக்க அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சிகிச்சையாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். மருந்து எழுதுபவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவராக இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். சில நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் ‘கவுன்சலர்’ பலகை வைத்துவிட முடிகிற நிலையில், இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. ‘எனக்கு என்ன பிரச்சினை, எந்த முறை, எத்தனை அமர்வு, தேறுகிறேனா என்று எப்படித் தெரியும், வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன?’ என்று கேளுங்கள். நேர்மையான சிகிச்சையாளர் மகிழ்ந்து பதில் சொல்வார். பேசியது வெளியே போகுமோ என்ற பயத்தில் திருவனந்தபுரம்வரை போகிறவர்களும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு. அரசுச் செலவில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவதும் அதே சட்டம் தந்த உரிமை.

அந்த உரிமை நடைமுறைக்கு வர மாவட்ட நிர்வாகத்திடமும் மாவட்ட மனநலத் திட்ட அதிகாரிகளிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தவிர, குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் வாரம் ஒரு நாள் பேச்சு சிகிச்சைக்கென்றே ஒதுக்குங்கள். அது பிற்பகலில் இருக்கட்டும். விடியும் முன் ரப்பர் வெட்டப் போகிறவர் பால் எடுத்து முடித்து வீடு வர உச்சியாகிவிடும், காலை ஓபி அவருக்கு எட்டாது. கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். திரைச்சீலை மறைவில் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். ஒரே நோயாளியை வாரா வாரம் ஒரே ஆள் பார்க்க வேண்டும். மலையாளம் பேசும் எல்லையோரக் குடும்பங்களுக்கு அந்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

தங்கள் நாளிதழும் இதில் உதவ முடியும். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கோயில் விழாவுக்கும் மின்தடைக்கும் அருகில், எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த முறை சிகிச்சை கிடைக்கும், எந்த அறையில் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி வெளியிட்டால் போதும். விவரங்களைத் துறையிடமிருந்து பெற்று மாதம் ஒரு முறை சரிபார்த்துத் தர எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மனநலப் பணியில் உள்ள நண்பர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.